ஓரிரவு இருக்கை

தங்கை மகளுக்கு ஆறு மாதம் முடிந்தபோது, கேழ்வரகை முளைகட்டி மாவு செய்து தருவது என் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன். அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. கடையில் இரண்டு கிலோ வாங்கி, கல் பொறுக்கி, அலசி, இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் மூட்டையைப் பிரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெள்ளை முனை தெரிந்தது. மற்றதெல்லாம் வாங்கியபடியே கிடந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்தேன். முளை வரவில்லை, வாடைதான் வந்தது. ஊறிய கோணிப்பையின் வாடை. பிள்ளை வாயில் வைக்க இருந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு அன்று முழுக்க எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தேன்.

ஓரிக்கையில் எனக்கு ஒரு நெசவாளர் நண்பர் உண்டு. அவரிடம் சொன்னேன். "மிச்சம் இருக்கா? எடுத்துக்கிட்டு வாங்க. எங்க ஆயா கையில வெச்சுப் பார்த்தாலே சொல்லிடும்" என்றார். ஊறப்போடாத கேழ்வரகு அரைக் கிலோ அளவுக்கு டப்பாவில் இருந்தது. அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு சித்திரை மாதத்து ஒரு காலையில் கிளம்பினேன்.

செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாலாற்றின் போக்கை ஒட்டியே காஞ்சிபுரம் போகிறது. பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத் என்று வரிசையாக ஊர்கள். பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் இடம். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதில் வேலை செய்தவர்கள், அவர்களுக்கு அளந்த நெல், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் என எல்லாவற்றையும் அது சொல்கிறது. பலர் அதை மருத்துவ வரலாற்றுக்காகப் பேசுவார்கள். எனக்கு அந்த நெல்தான் கண்ணில் பட்டது. சம்பளம் நெல்லாக இருந்த காலத்தில் ஓர் அறுவடையின் நெல் அடுத்த அறுவடை வரை கெடாமல் இருந்தாக வேண்டும். அதைக் காயவைத்தவர்கள், கிளறியவர்கள், கட்டிவைத்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

காஞ்சிபுரத்தில் இறங்கி உத்திரமேரூர் பேருந்து பிடித்தால் கால் மணி நேரத்துக்குள் ஓரிக்கை வந்துவிடும். இப்போது மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஊர். வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்துப் பணிமனையால் தெரியும். இல்லையென்றால் காஞ்சி மகாசுவாமிகளுக்காக எழுப்பிய கருங்கல் மணிமண்டபத்தால் தெரியும். 2011இல் குடமுழுக்கு ஆன மண்டபம் அது. அந்தத் துறவி வீடுதோறும் தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கச் சொல்லிப் பிடி அரிசித் திட்டம் நடத்தியவர் என்பது மண்டபத்தைக் கடக்கும்போது நினைவுக்கு வந்தது.

பேருந்திலிருந்து இறங்கியதுமே சாலையின் ஒரு பாதியில் நெல். நவரை அறுவடை நேரம். தார் தெரியாதபடி நீளமாகப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். முக்காடு போட்ட ஒரு பெண் காலாலேயே நெல்லில் சால் ஓட்டிக்கொண்டு போனார். லாரி வரும்போது நின்று, போனதும் தொடர்ந்தார். இரு சக்கர வண்டிக்காரர்கள் நெல்லைத் தவிர்க்க நடுச்சாலைக்கு ஏறினார்கள். பார்க்கவே பயமாக இருந்தது. "களம் எங்க இருக்குது, சொல்லுங்க? மெஷினு வெச்சு ஈரம் பாக்குறாங்க. பதினேழுக்கு மேல காட்டுச்சுன்னா மூட்டைய எறக்க வுட மாட்டாங்க. தார் ரோட்டுல போட்டா ரெண்டு வெயில்ல முடிஞ்சிடும்" என்றார் அவர்.

அவர் சொன்ன பதினேழு என்பது நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கு வைத்திருக்கும் ஈரப்பத வரம்பு, 17 சதவீதம். மழையில் சிக்கிய பருவங்களில் அதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதுவது வழக்கமாகிவிட்டது. அரிசிக்குப் போகும் நெல்லுக்கு இந்தத் தார்ச் சாலை வைத்தியம் ஓரளவு ஒத்துவரும். வேகமாகக் காய்ந்த நெல் உள்ளுக்குள் வெடிப்பு விட்டு ஆலையில் நொய்யாக உடையும். அந்த நட்டம் அரைக்கிறபோதுதான் தெரியவரும். ஆனால் விதைக்கும் முளைகட்டுவதற்கும் வைக்கிற தானியத்தில் வேறொன்று போய்விடும். அதை எந்த மெஷினும் காட்டாது. அதைத்தான் அன்று ஓரிக்கையில் கற்றுக்கொண்டேன்.

நண்பர் வீடு நெசவாளர் தெருவில் ஓட்டு வீடு. உள்ளே குழித்தறி. திண்ணையில் ஆயா உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொடும் வயது, பல் எல்லாம் கெட்டி. "வெயில்ல வந்திருக்கிற, மொதல்ல கூழு குடி" என்று சொல்லி, நான் குடித்து முடிக்கும்வரை என் பையைத் தொடவில்லை. பிறகு ஒரு கை அள்ளி, முறத்தில் போட்டுத் தட்டினார். நாலைந்து மணியை வாயில் போட்டுக் கடித்தார். முகர்ந்தார். ஈரக் கையால் தேய்த்து நிறம் பார்த்தார்.

"காய்ச்சல்ல கொறை இல்லப்பா. பல்லுக்குக் கடக்குனு இருக்குது. காஞ்ச வெதம்தான் தப்பு. இது செத்துட்டுக் காஞ்சிருக்குது."

செத்துக் காய்வதற்கும் உயிரோடு காய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அதுவரை யோசித்ததே இல்லை. தானியம் என்றால் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் அறிவு. ஆயா உள்ளே போய் ஒரு பானையிலிருந்து தன் கேழ்வரகைக் கொண்டுவந்து பக்கத்தில் கொட்டினார். அவர்கள் பேச்சில் அது கேவுரு. நிறத்தில் கொஞ்சம் பளபளப்பு கூட. மற்றபடி என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நண்பர்தான் சொன்னார்: "ரெண்டுலயும் நூறு நூறு எண்ணி ஊறப்போடலாம். ராத்திரி இங்கயே தங்குங்க. காலையில பாத்துட்டுப் போகலாம்." வெள்ளை வேட்டித் துண்டை விரித்து, தறிக்காரர் வீட்டு ஊசி முனையால் ஒவ்வொரு மணியாகத் தள்ளி எண்ணினேன். கடுகைவிடச் சிறிய மணிகள். இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போடும்போது பத்தரை மணி.

இந்த ஊரில் ஒரு ராத்திரி தங்குவதற்கு ஒரு மரபு இருக்கிறது. கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாட்டைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்ப, குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் கூப்பிட்டதும் திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடவே நடந்துவிட்டார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவு இருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்கிறார்கள். மறுநாள் மன்னன் மனம் மாறி அழைக்க, பெருமாள் திரும்பிப்போய்ப் படுத்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் அவருக்கு அப்படி வந்தது. கேழ்வரகும் ஓர் இரவு கேட்கிறது என்று ஆயா தறி மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னபோது எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம்.

மதியத்துக்கு மேல் நண்பரின் வண்டியில் பாலாற்றுப் பாலம் தாண்டி அக்கரை போனோம். ஆயா பிறந்த வீட்டுப் பங்கு அரைக் காணி நிலம் அங்கே இருக்கிறது. அவருடைய தம்பி குடும்பம் பயிர் வைக்கிறது. பாலத்தின் கீழே ஆறு மணலும் கோரையுமாகக் கிடந்தது. ஒரு காலத்தில் இந்த மணலுக்குள் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். மணலே போனபிறகு ஊற்று எங்கிருந்து வரும்? இப்போது போர் தண்ணீர்தான். மார்கழியில் நட்ட கேவுரு சித்திரையில் களத்துக்கு வந்திருந்தது.

அந்தக் களத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சாணி கரைத்து மெழுகிய மண் களம், ஒரு வீட்டு முற்றம் அளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனாலும் கால் பொறுத்துக்கொண்டது. பக்கத்திலேயே சிமென்ட் போட்ட பம்ப்செட் தொட்டியின் மேடையில் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. தாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கோடையில் அது 60 டிகிரியைத் தொடும். முளைப்பதற்கென்று வைக்கிற தானியத்தை 40, 45 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. ஈரம் மிகுந்த மணியாக இருந்தால் அதற்கும் கீழே நிற்க வேண்டும். மணிக்குள் இருக்கும் கரு ஈரத்தோடு சூடேறினால் வெந்துவிடுகிறது. மாவுப் பகுதிக்கு ஒன்றும் ஆகாது. களி கிண்டலாம், கூழ் காய்ச்சலாம், ருசியும் மாறாது. முளை மட்டும் வராது.

ஆயாவின் தம்பி மனைவி விரல் கனத்துக்குப் பரப்பியிருந்த கேழ்வரகை மரப்பலகையால் திருப்பிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு விரித்து, உச்சி வெயிலில் கூட்டிக் குவித்து வைக்கோல் மூடிவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி விரிப்பாராம். "உச்சிப்பொழுதுல வெதை காயக் கூடாதுங்க. எங்க மாமியா அடிக்க வருவாங்க" என்றார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் விதை உலர்த்துகிறவர்களுக்கு இதையேதான் சொல்கிறது: நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் போடாதீர்கள். அந்த மாமியார் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் இல்லை.

தானியம் களத்துக்கு வருமுன்பே செத்துப்போகவும் வழி இருக்கிறது. அறுத்த கதிரை இரண்டு மூன்று நாள் போராகக் குவித்துவைத்தால் அடிக்கும்போது மணி சுலபமாக உதிரும். அந்தப் போரில் பச்சைத்தாளும் பனி ஈரமும் சேர்ந்தால் உள்ளே சூடு கிளம்பும். தானியம் மூச்சுவிடுகிறது, மூச்சுவிட்டால் சூடும் ஈரமும் வெளிவரும், அந்த ஈரத்தில் இன்னும் வேகமாக மூச்சுவிடும், பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். போருக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்து, கதகதப்பு தெரிந்தால் அப்போதே பிரித்துப் போட்டுவிடுவார்கள். "புழுங்கிப் போச்சுன்னா முடிஞ்சுது. சோத்துக்கு ஆவும், வெதைக்கு ஆவாது" என்றார் அந்தம்மா. நான் வாங்கிய கேழ்வரகு போரில் புழுங்கியதோ, தாரில் வெந்ததோ, எந்தக் கிடங்கில் எத்தனை நாள் ஈரத்தில் கிடந்ததோ. விற்றவருக்கும் தெரிந்திருக்காது. கடைக்கு வருவது களிக்கும் கூழுக்கும் ஆன தானியம். அதில் உயிரைத் தேடியது என் தவறுதான்.

ஓரத்தில் முதல் நாள் காய்ந்து முடிந்த குவியல் ஒன்று துணி மூடிக் கிடந்தது. ஏன் மூட்டை கட்டவில்லை என்று கேட்டேன். ஒரு ராத்திரி ஆற வேண்டுமாம். சூட்டோடு பானையில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். மூடியின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து மேல்மட்டத்து மணிகளை நனைத்துவிடும். அத்தனை நாள் காயவைத்த பாடு அந்த ஓர் இரவில் வீணாகும். குவியலுக்குள் கையை விடச் சொன்னார். காலை நேரத்து ஆற்று மணல் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. விரலை அசைத்தால் மணிகள் சலசலவென்று சரிந்தன. ஈரமிருந்தால் இந்தச் சத்தம் வராது, கையோடு ஒட்டிக்கொண்டு வரும் என்றார்.

சான்று பெற்ற கேழ்வரகு விதைக்கு 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது, நூற்றுக்கு 75 மணியாவது முளைக்க வேண்டும் என்று நாட்டின் விதைச் சான்று விதிகள் சொல்கின்றன. ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிஞர் ஒரு கணக்குச் சொல்லிவைத்திருக்கிறார். மணியின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரிபோலக் குறைந்தாலும் இரட்டிப்பாகும். தோராயக் கணக்குதான். ஆனாலும் அந்தக் களத்தில் நின்றபோது, சலசல என்ற அந்தச் சத்தத்தைத்தான் அவர் எண்ணாக எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

வீட்டுக்குள் ஒரு மண் குதிர் இருந்தது. ஆளுயரம், நாலு கல் மேல் நிற்கிறது, அடியில் தானியம் எடுக்க ஒரு துளை, அதற்கு வைக்கோல் அடைப்பு. ஒரு பக்கம் வெடித்துவிட்டது. புதிதாகக் குதிர் செய்கிறவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லையாம். இப்போது அதில் பழைய துணியும் கயிறும் கிடக்கின்றன. விதைக் கேவுரு அடுக்குப் பானைகளில் இருக்கிறது. காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் ஊடே போட்டு, வாயைத் துணியால் கட்டி, சாணியும் மண்ணும் பூசியிருந்தார்கள். நெல்லை அந்து துளைக்கும், சோளத்தை வண்டு மாவாக்கும், ஆனால் முழுக் கேழ்வரகைப் பூச்சி அவ்வளவாகத் தொடுவதில்லை. மணி அத்தனை சிறியது, தோல் அத்தனை கெட்டி. அதனால்தான் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டின் மேட்டு நிலங்களிலும் பஞ்சத்துக்கென்று குழியில் போட்டு மூடிவைக்கிற தானியமாக அது இருந்தது. பத்தாண்டு கழித்து எடுத்தாலும் உண்ணலாம் என்பார்கள். உண்ணத்தான், அத்தனை ஆண்டு கழித்து முளைக்குமா என்று கேட்டால் ஆயா தலையை ஆட்டிவிடுவார். அவர் கணக்கில் முளைகட்டுவதற்கு அந்த வருஷத்துக் கேவுரு, மிஞ்சினால் போன வருஷத்தது.

இருட்டுமுன் ஓரிக்கை திரும்பினோம். எட்டு மணி நேரம் ஊறியாகிவிட்டது. இரண்டு நூறையும் வடித்துத் தனித்தனித் துணியில் கட்டி, மேலே ஈரச் சாக்கு போட்டு மூடினார் ஆயா. பட்டு நெய்கிற வீட்டில் இதற்கென்று பழைய பருத்திப் புடவைதான். பட்டு மூச்சுவிடாதாம்.

அன்று இரவு திண்ணையில் படுத்தபடி நானும் நண்பரும் பேசிக்கொண்டிருந்தோம். ஈரத்தைப் பற்றி நெசவாளருக்கு நான் என்ன சொல்லிவிட முடியும்? தரையில் குழி தோண்டித் தறி போட்டிருப்பதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. மண்ணின் குளிர்ச்சி இழையை அறுபடாமல் காக்கும். அடைமழையில் பாவு தொய்யும், அக்னி நட்சத்திரத்தில் இழை அறும் என்றார். பிறகு அவர் சொன்ன ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. பட்டுக் கூடுகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அதற்கு அப்பால் ராமநகரம் என்று வரும் சீமைதான் கேழ்வரகுக்கும் சீமை. அங்கே கூட்டையும் உலர்த்துகிறார்கள். எதற்கு? உள்ளே இருக்கும் புழு சாகத்தான். அது உயிரோடிருந்து அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூட்டில் ஓட்டை விழும், இழை அறுந்துபோகும். ஒரே நிலத்தில், ஒரே மாதத்தில், ஒன்றைச் சாகடிப்பதற்காகச் சூடு காட்டுகிறார்கள்; இன்னொன்றைச் சாகாமல் தூங்கவைப்பதற்காகச் சூட்டை அளந்து கொடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்துதான் இந்த வீட்டுக்கு வந்திருக்கின்றன. ஒன்று தறியில், ஒன்று பானையில்.

முளைவிட்டுக் காயவைத்த தானியத்தைத்தான் உலகம் மால்ட் என்கிறது. வில்லியம், ஜேம்ஸ் ஹார்லிக் என்ற சகோதரர்கள் 1873இல் சிகாகோவில் தொடங்கிய தொழில் நம் வீட்டு அலமாரி வரை வந்தது பார்லி மால்ட்டை வைத்துத்தான். பார்லி மால்ட் ஆலைகளில் வண்டி வண்டியாக வரும் தானியத்தில் மாதிரி எடுத்து முளைப்புத் திறன் பார்ப்பார்கள். நூற்றுக்கு 95க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். அறுத்த உடனே பார்லி முளைக்காது, சில வாரம் உறங்கித்தான் எழும். அதுவரை அதை உலர்வாக, உயிரோடு வைத்திருப்பது அங்கே தனிக் கலை. தென்னாட்டின் மால்ட் கேழ்வரகு. முளைக்கும்போது மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதி அதில் சிறுதானியங்களிலேயே கூடுதலாக ஊறுகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து, முளைகட்டிய கேழ்வரகைக் கொண்டு பால் மறக்கும் குழந்தைகளுக்கான உணவை உருவாக்கினார்கள். சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் இறுகும். தளர்த்தத் தண்ணீர் ஊற்றினால் சத்து குறையும். முளைகட்டிய மாவு கெட்டிப்படாது. அதனால் கஞ்சி இளக்கமாகவே இருக்க, மாவு அதிகம் சேர்க்கலாம். உள்ளங்கை அளவு வயிறுள்ள பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அந்த நொதி மணிக்குள் எழ வேண்டுமானால் கரு உயிரோடு இருக்க வேண்டும். களத்தில் நடக்கும் ஒரு பிசகு பிள்ளையின் கிண்ணம் வரைக்கும் வரும்.

2023 மே மாதத்திலிருந்து தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். அந்த மூட்டைகளில் முளைப்புத் திறனுள்ள தானியம் எவ்வளவு இருக்கும் என்று யாராவது துணியில் கட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. குழந்தை இருக்கிற வீடுகளுக்குக் களிக்கேற்ற கேழ்வரகும் முளைக்கிற கேழ்வரகும் வேறு வேறு என்று சொல்லிக் கொடுப்பதற்கு அதிகம் செலவாகாது.

விடியற்காலையில் தெருச் சத்தத்தில் விழித்தேன். வீட்டுக்கு முன்னால் பாவு நீட்டியிருந்தார்கள். அரக்கு நிறப் பட்டிழைகள் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. இரண்டு பேர் இரு பக்கமும் நடந்தபடி அரிசிக் கஞ்சியைத் தடவி, விரலால் இழை பிரித்து வந்தார்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்று வேகம். இளவெயிலில் காய்ந்தால்தான் இழை விறைப்பாகவும் வளைவாகவும் இருக்கும், உச்சி வெயிலில் காய்ந்தால் முறியும். நேற்றுக் களத்தில் கேட்ட அதே பேச்சு.

ஏழரை மணிக்கு ஆயா இரண்டு துணியையும் பிரித்தார். அவருடைய முடிச்சைப் பிரித்தபோதே தெரிந்தது. மணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு சிறு கட்டியாக வந்தன. ஒவ்வொன்றிலும் அரிசி முனை அளவு வெள்ளை வேர். எண்ணினேன், 93. என் முடிச்சில் மணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அவற்றில் வேர் விட்டவை 28. வாசம் இப்போதே மாறத் தொடங்கியிருந்தது. ஆயாவுடையதில் அறுத்த புல்லின் வாசம். என்னுடையதில் அந்தக் கோணி வாடையின் ஆரம்பம். முளைக்காத மணி தண்ணீரோடு சும்மா கிடந்தால் பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. உயிருள்ள மணிகளுக்கு நடுவே அது கிடந்தால் அவற்றையும் கெடுத்துவிடும். "இத்தக் கோழிக்குப் போட்டுடு" என்று நண்பரின் மகளிடம் கொடுத்தார்.

நேற்று முன்தினமே முளைகட்டி நிழலில் உலர்த்திய ஒரு கூடை உள்ளே இருந்தது. அதை என் கையாலேயே வறுக்கச் சொன்னார். இங்கே சூடு வேறு வேலை செய்ய வேண்டும். இந்த முளை இனி வளரக் கூடாது. முளை நின்றால்தான் மாவு தங்கும், வாசமும் பிடிக்கும். ஆனால் ஈரமாக இருக்கும்போதே அடுப்பில் போட்டால் மணி அவிந்து, உள்ளே ஊறிய நொதியும் சேர்ந்து போய்விடும். அதனால் முதலில் நிழல், அப்புறம் இளவெயில், கடைசியில் வாணலி. "தீயக் கொறை. பொரியக் கூடாது. கையில எடுத்தா சுடணும், தாங்கணும்." கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே அளையச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பச்சை வாடை போய், வேர்க்கடலை வறுத்த மாதிரி ஒரு வாசம் எழுந்தது. இறக்கி, கோணிப்பைத் துண்டில் கொட்டி உள்ளங்கையால் தேய்த்தேன். வேர்கள் நூல் நூலாக உதிர்ந்தன. முறத்தில் புடைத்ததும் பறந்துபோயின. மிஞ்சிய மணி கொஞ்சம் இளைத்து, தோல் கறுத்து இருந்தது. ஒன்றைக் கடித்தேன். முதலில் மொறுமொறுப்பு, பிறகு மெல்ல மெல்ல இனிப்பு.

அம்மா செய்த மாவில் அந்த இனிப்பு இருந்தது. சர்க்கரை போட்டதாகவே நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது ஆயா ஒரு படி கேழ்வரகு அளந்து, துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனதும் கையைத் தள்ளிவிட்டார். "புள்ளைக்கு. போன ஒடனே ஊறப்போடு, டப்பாவுல அடைச்சு வெக்காத. பஸ்ல இஞ்சின் மேல வெக்காத, கேக்குதா? சூட்டுல செத்துடும்."

காஞ்சிபுரத்தில் சென்னைப் பேருந்து கிடைத்தது. கூட்டம். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் ஓரிடம் இருந்தது. பயணச்சீட்டு கிழித்துக்கொண்டே வந்த நடத்துநர் என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். "சார், எதுக்குச் சுமந்துக்கிட்டு? அந்த பானட் மேல வெச்சுடுங்களேன், காலியாத்தானே கெடக்குது" என்றார். மடியிலேயே இருக்கட்டும் என்றேன்.